பேரிடர் மீட்புத் திட்டம் பழசாகிப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? நிறுவனத் தரவைக் காப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கணினி அமைப்புகளும் தரவும் அழிந்தால் அவற்றை மீட்பது எப்படி என்று சொல்லும் பேரிடர் மீட்புத் திட்டத்தை எழுதி, மேலிடத்தின் கையொப்பம் வாங்கிக் கோப்பில் வைக்கிற நாளில் அது சரியாகத்தான் இருக்கும். அடுத்த வாரமே யாரோ ஒருவர் புதிய சர்வரை இயக்குவார். இரண்டு மாதம் கழித்துக் கணக்குப் பிரிவு வேறு மென்பொருளுக்கு மாறும். ஆறாம் மாதம், திட்டத்தில் முதல் தொடர்பாகக் குறிக்கப்பட்டவர் வேலையை விட்டுப் போயிருப்பார். யாரும் தவறு செய்யவில்லை. தொழில் நகர்ந்துவிட்டது, திட்டம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. திட்டத்தை முதன்முதலாக எழுதுவது எப்படி என்று சொல்லும் கையேடுகள் நிறைய உண்டு. எழுதிய திட்டத்தை ஆண்டுக்கணக்கில் பயன்படும் நிலையில் வைத்திருப்பதே கடினம். இந்த வழிகாட்டி அதைப் பற்றியது.

திட்டம் சத்தமில்லாமல் எப்படிச் செத்துப்போகிறது என்பதற்கு மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைவிடத் தெளிவான பாடம் இல்லை. 2017 ஜனவரி 31 இரவு, துணைத் தரவுத்தளச் சர்வரில் இருந்த கோப்புறையை அழிப்பதாக நினைத்து, ஒரு பொறியாளர் முதன்மைச் சர்வரில் அழிக்கும் கட்டளையை இயக்கிவிட்டார். ஓரிரு நொடிகளில் நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியது. பேக்கப்பைத் தேடியபோதுதான் உண்மை வெளிவந்தது. தரவுத்தளம், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 9.6 பதிப்புக்கு மாறியிருந்தது. பேக்கப் எடுக்கும் நிரலோ 9.2 பதிப்பையே இயக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அது பிழையோடு நின்றது. பிழையைச் சொல்லும் மின்னஞ்சல்களையும், அனுப்புநரைச் சரிபார்க்கும் விதிகளுக்கு ஒத்துவராததால், அஞ்சல் சர்வர் நிராகரித்திருந்தது. பேக்கப் சேரவேண்டிய கிளவுட் சேமிப்பகம் காலியாகக் கிடந்தது. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அது இருந்த வட்டு மெதுவானது என்பதால், தரவைத் திரும்ப நகலெடுக்கவே சுமார் 18 மணி நேரம் பிடித்தது. இவை எல்லாவற்றையும் அந்த நிறுவனம் ஒளிக்காமல் வெளியிட்டது. அந்த நேர்மைக்காக நாம் நன்றி சொல்ல வேண்டும்.

அங்கே பேக்கப் ஏற்பாடுகள் ஒன்றுக்கு மேற்பட்டு இருந்தன. தரவுத்தளம் பதிப்பு மாறியபோது பேக்கப்பையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கமும், மீட்டுப் பார்க்கும் வழக்கமும்தான் இல்லை. கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த இரண்டு வழக்கங்களை உண்டாக்குவதற்கே.

படி 1: பொறுப்பை ஒருவர் பெயரில் வையுங்கள்

"தகவல் தொழில்நுட்பப் பிரிவு" என்று எழுதினால் யாருக்கும் பொறுப்பில்லை என்று பொருள். ஒரு பெயர் வேண்டும், அவர் இல்லாதபோது பொறுப்பேற்க இன்னொரு பெயர் வேண்டும். திட்டத்தைத் திருத்தவும், மீட்டுப் பார்க்கும் ஒத்திகைக்கு மற்றப் பிரிவினரை அழைக்கவும் அவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். இது பத்து நிமிட வேலை. ஆனால் இதைச் செய்யாத இடங்களில் மற்ற எந்தப் படியும் ஓராண்டைத் தாண்டி நிலைப்பதில்லை.

படி 2: எது இருக்கிறது என்பதை மறுபடியும் எண்ணுங்கள்

திட்டத்தின் பின்னிணைப்பில் உள்ள சர்வர் பட்டியலை எடுத்துச் சரிபார்த்தால் போதாது. அந்தப் பட்டியலில் இல்லாதது எது என்பதை அந்தப் பட்டியலே சொல்லாது. எனவே ஒன்றையொன்று சாராத மூன்று இடங்களிலிருந்து பட்டியல் எடுங்கள். முதலாவது, கிளவுட் நிர்வாகப் பக்கமும் சர்வர் அறையும் காட்டும் உண்மையான இயந்திரங்கள். இரண்டாவது, பேக்கப் மென்பொருளில் பதிவாகியுள்ள வேலைகள். மூன்றாவதை நான் பெரிதும் நம்புகிறேன்: கணக்குப் பிரிவு மாதந்தோறும் பணம் கட்டும் மென்பொருள் சந்தாக்களின் பட்டியல். யாரிடமும் சொல்லாமல் ஒரு பிரிவு வாங்கிப் பயன்படுத்தும் இணையவழிச் செயலிகள் அதில்தான் அகப்படும்.

மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாதவை பேக்கப் இல்லாமல் ஓடும் இயந்திரங்கள். மூன்றாவதில் மட்டும் இருப்பவை, தரவு யாரிடம் இருக்கிறது என்றே நிர்வாகத்துக்குத் தெரியாதவை. இணையவழிச் செயலிகளைப் பொறுத்தவரை, "அவர்களே பேக்கப் எடுப்பார்கள்" என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. செயலியை வழங்கும் நிறுவனம் தன் சேவை நிற்காமல் இருக்கத்தான் பேக்கப் எடுக்கிறது. உங்கள் ஊழியர் தவறுதலாக அழித்த கோப்புறையை ஓராண்டு கழித்துத் திருப்பித் தருவது பெரும்பாலும் அதன் கடமையில் வராது. ஒப்பந்தத்தை எடுத்து, அழித்த தரவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், மொத்தத் தரவையும் இறக்குமதி செய்யத்தக்க வடிவில் தருவார்களா என்ற இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்.

"இது மிகப் பெரியது, பேக்கப் எடுக்க இயலாது" என்று ஒதுக்கி வைத்த தரவையும் இந்தக் கணக்கெடுப்பில் மறுபடி மேசைக்குக் கொண்டுவாருங்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளில் பிடித்த தீ பரவியது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் அமைப்பின் 858 டெராபைட் தரவு அழிந்தது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளி இடத்தில் நகல் வைக்கப்படவில்லை. அளவு பெரிதாக இருந்தால் தரவை வகைபிரித்து, இன்றியமையாததை மட்டுமாவது நகலெடுக்கலாம். முழுவதையும் எடுக்க முடியாது என்பதற்காக எதையுமே எடுக்காமல் விடுவதற்கு நியாயம் இல்லை.

படி 3: இரண்டு கால வரம்புகளையும் மீண்டும் கேளுங்கள்

எவ்வளவு நேரத்துக்குள் வேலை மீண்டும் ஓட வேண்டும் என்பது ஒரு வரம்பு. இதை ஆர்டிஓ என்பார்கள். எவ்வளவு நேரத்துத் தரவை இழந்தால் தாங்கலாம் என்பது மற்றொன்று, அது ஆர்பிஓ. திட்டம் எழுதிய ஆண்டில் "ஒரு நாள் நின்றாலும் சமாளிப்போம்" என்று சொன்ன விற்பனைப் பிரிவு, இன்று எல்லா ஆர்டரையும் இணையவழியில் வாங்கிக்கொண்டிருக்கலாம். இந்தக் கேள்விகளைத் தொழில்நுட்பக் குழு தனக்குள் கேட்டுக்கொண்டால் விடை தவறும். அந்தந்தப் பிரிவின் தலைவரிடம் கேளுங்கள். "உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?" என்று கேட்டால் எல்லாமே முக்கியம் என்பார்கள். "காலை பத்து மணிக்கு நின்றால் பிற்பகல் வரை காகிதத்தில் எழுதி ஓட்ட முடியுமா, நாளை வரை முடியுமா?" என்று கேளுங்கள்.

பிறகு கணக்குப் போடுங்கள். நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் நொடிக்கு 125 மெகாபைட் வரும். 2 டெராபைட் தரவை மீட்க ஏறக்குறைய நாலரை மணி நேரம் ஆகும். அதே தரவு சில ஆண்டுகளில் 10 டெராபைட்டாக வளர்ந்திருந்தால் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடைமுறையில் முழு வேகம் கிடைப்பதும் இல்லை. திட்டத்தில் "8 மணி நேரத்தில் மீட்பு" என்ற வரி மாறாமல் இருக்கும். தரவின் வளர்ச்சி அதைப் பொய்யாக்கியிருக்கும். இந்தக் கணக்கை ஆண்டுக்கு இரண்டு முறையாவது புதுப்பியுங்கள். கணக்கில் வரும் நேரம் வரம்பைத் தாண்டினால், மிகத் தேவையான தரவை முதலில் மீட்டு, பழைய காப்பகத்தைப் பின்னால் கொண்டுவரும் வகையில் வரிசையை மாற்றுங்கள்.

படி 4: திருத்தும் வேலையை மாற்றத்தோடு கட்டுங்கள்

ஆண்டுக்கொரு முறை மறுஆய்வு என்று மட்டும் எழுதி வைத்தால், பதினொரு மாதம் தவறான திட்டத்தோடு இருப்பீர்கள். தொழில் தொடர்ச்சிக்கான ஐஎஸ்ஓ 22301 தரநிலையும், திட்டமிட்ட இடைவெளிகளில் மட்டுமின்றிக் குறிப்பிடத்தக்க மாற்றம் வரும்போதும் ஒத்திகை நடத்தச் சொல்கிறது. நடைமுறையில் இதற்கு எளிய வழி உண்டு. உங்கள் நிறுவனத்தில் மாற்றங்களுக்கு ஒப்புதல் தரும் படிவம் எதுவோ, அதில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: "இந்த மாற்றத்துக்குப் பின் இதை எப்படி மீட்பது? யார் மீட்டுப் பார்த்தார்கள்?" விடை இல்லாமல் புதிய அமைப்பு பயன்பாட்டுக்கு வரக்கூடாது.

எந்த மாற்றங்களுக்கு இது பொருந்தும்? புதிய செயலி, தரவுத்தளப் பதிப்பு உயர்வு, வேறு கிளவுடுக்கு மாறுதல், அலுவலக இடமாற்றம், புதிய கிளை, நிறுவன இணைப்பு. பேக்கப் மென்பொருளையே மாற்றுவது இவற்றில் மிக அபாயமானது. புதியது வந்ததும் பழைய உரிமத்தை நிறுத்திவிடுவார்கள். அதோடு பழைய நகல்களைத் திறக்கும் வழியும் போய்விடும். காந்த நாடாவில் பேக்கப் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்டிஓ என்ற நாடா வகையில், எல்டிஓ-7 வரையிலான கருவிகள் தமக்கு முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படித்தன. எல்டிஓ-8 கருவியோ ஒரு தலைமுறை முந்தையதை மட்டுமே படிக்கும். எல்டிஓ-6 நாடாக்களை அலமாரியில் வைத்துக்கொண்டு கருவியை மட்டும் புதுப்பித்தவர்களுக்கு அந்த நாடாக்கள் பயன்படாது.

ஊழியர் மாற்றமும் ஒரு தொழில்நுட்ப மாற்றமே. நிர்வாகி ஒருவர் விடைபெறும் நாளில் அவருடைய கணக்கை முடக்குவார்கள். அந்தக் கணக்கின் பெயரில்தான் இரவு பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது. தானியங்கி வேலைகள் எதுவும் தனிநபர் கணக்கில் ஓடக்கூடாது.

படி 5: நகல்கள் ஒரே அடியில் வீழுமா என்று பாருங்கள்

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதி எல்லோருக்கும் தெரியும். காலம் போகப்போக அது எண்ணிக்கையில் நிற்கும், பொருளில் நிற்காது. செலவைக் குறைக்க யாரோ எல்லாவற்றையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்திருப்பார்கள். ஆகவே நகல்களை எண்ணுவதோடு நில்லாமல், ஒவ்வொரு விபத்தையும் கற்பனை செய்து எது மிஞ்சும் என்று கேளுங்கள்.

கட்டடம் எரிந்தால்? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச்கிளவுட் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முற்றிலும் எரிந்தது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். கணக்கே அழிந்தால்? 2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் கூகுள் கிளவுட் சந்தா, அமைப்புப் பிழை ஒன்றால் அழிக்கப்பட்டது. இரண்டு இடங்களில் நகல் இருந்தும், இரண்டும் ஒரே சந்தாவின் கீழ் இருந்ததால் இரண்டும் போயின. வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப் மீட்புக்குக் கைகொடுத்தது.

தீம்பொருள் நெட்வொர்க் முழுவதும் பரவினால்? 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா தாக்கியபோது, கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கின் பயனர் கணக்குகளை ஆளும் சர்வர்கள் உலகெங்கும் அழிந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு அது. எல்லாம் ஒரே சமயத்தில் கெடும் என்று யாரும் எண்ணவில்லை. கானாவில் ஒரே ஒரு சர்வர் தப்பியது, அதுவும் அந்த நேரத்தில் அங்கே மின்சாரம் போயிருந்ததால். அடுத்த பத்து நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மறுபடி நிறுவினார்கள். மின்வெட்டை நம்பித் திட்டம் போட முடியாது. எனவே ஒரு நகலாவது நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கப்பட்டதாக, அல்லது குறித்த காலம் வரை நிர்வாகியாலும் அழிக்க முடியாததாக இருக்கட்டும். பேக்கப் சர்வரின் நிர்வாகக் கணக்கு, நிறுவனத்தின் பொதுப் பயனர் அமைப்போடு இணையாததாக இருக்கட்டும்.

படி 6: சாவிகளும் திட்டமும் எங்கே இருக்கின்றன?

குறியாக்கம் செய்த, அதாவது சாவி எனப்படும் ரகசியக் குறியீடு இன்றிப் படிக்க முடியாதபடி மாற்றிய பேக்கப், அந்தச் சாவி இல்லாவிட்டால் வெறும் குப்பை. சாவி கடவுச்சொல் பெட்டகத்தில் இருக்கிறது. பெட்டகம் நிறுவனப் பயனர் கணக்கால் திறக்கும். அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் சர்வர்தான் இப்போது கீழே கிடக்கிறது. இந்த வட்டத்தை நான் கேட்டறிந்த பல இடங்களில் யாரும் காகிதத்தில் வரைந்து பார்த்ததில்லை. வரைந்து பாருங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. குறியாக்கம் செய்த வட்டுகளைத் திறக்கக் கணினி வாரியாக மீட்புச் சாவி தேவைப்பட்டது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் முடங்கியபோது, பழுதைச் சரிசெய்ய உதவும் உள் கருவிகளும் சேர்ந்தே முடங்கின.

முதன்மைச் சாவிகளை மூடி முத்திரையிட்ட உறையில், இரு வேறு இடங்களில், இரு வேறு பொறுப்பாளர்களிடம் வையுங்கள். சாவி மாறும்போதெல்லாம் உறையையும் மாற்றுங்கள். திட்டத்தின் அச்சுப் பிரதியில் தேதி இருக்க வேண்டும். உள்பகிர்வு வட்டில் மட்டும் இருக்கும் திட்டம், அந்த வட்டு போகும் நாளில் உதவாது.

படி 7: மீட்டுப் பாருங்கள்

பேக்கப் மென்பொருள் காட்டும் பச்சைக் குறி, ஒரு கோப்பு எழுதப்பட்டது என்பதற்கு மட்டுமே சான்று. அதற்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. விலைப்பட்டியல் தரவுத்தளத்தை மீட்கும் ஒத்திகை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

மீட்கப்போகிறவர் அந்த அமைப்பைக் கட்டியவராக இருக்கக்கூடாது. கட்டியவர் பக்கத்தில் உட்காரலாம், வாய் திறக்கக்கூடாது. கையில் எழுத்தில் உள்ள வழிமுறை மட்டும். "முதன்மைச் சர்வர் போய்விட்டது" என்று சொன்ன நொடியிலேயே கடிகாரத்தை ஓடவிடுங்கள், மீட்புப் பொத்தானை அழுத்தும் வரை காத்திருக்க வேண்டாம். உண்மையில் நேரத்தைத் தின்பது அந்த இடைவெளிதான்: மீட்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவரைத் தேடுவது, அனுமதி கேட்பது, சாவியைக் கண்டுபிடிப்பது, வழிமுறையில் உள்ள சர்வர் பெயர் இப்போது இல்லை என்று உணர்வது.

மீட்பு தனித்த நெட்வொர்க்கில் நடக்கட்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். மீட்கப்பட்ட சர்வர் விழித்ததும், தான் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும். நேரம் குறித்து வைத்த பணிகள் ஓடும். உண்மையான வாடிக்கையாளர்களுக்குப் பழைய நினைவூட்டல் அஞ்சல்கள் போகும். வங்கிக்குக் கட்டண ஆணைகளும் போகலாம். வெளியே போகும் எல்லா வழிகளையும் அடைத்த பிறகே இயக்குங்கள்.

இயங்கிவிட்டதா? இப்போது கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரை அழையுங்கள். கடைசி விலைப்பட்டியலின் எண்ணும் தேதியும் என்ன? அது ஆர்பிஓ வரம்புக்குள் இருக்கிறதா? சென்ற மாத மொத்தம், அவர்கள் கையில் உள்ள அச்சு அறிக்கையோடு பொருந்துகிறதா? ஏதாவது ஒரு விலைப்பட்டியலைத் திறந்து, அதோடு இணைத்த கோப்பைச் சொடுக்கச் சொல்லுங்கள். பல ஒத்திகைகள் விழுவது இங்கேதான். தரவுத்தளம் ஓரிடத்தில், இணைப்புக் கோப்புகள் வேறிடத்தில் இருக்கும். இரண்டின் பேக்கப்பும் வெவ்வேறு நேரத்தில் எடுக்கப்பட்டிருக்கும். பட்டியலில் பெயர் தெரியும், கோப்பு திறக்காது.

எத்தனை நாளுக்கொரு முறை? முக்கியத் தரவுத்தளங்களைத் தானியங்கியாகத் தினமோ வாரந்தோறுமோ மீட்டு, வரிசைகளின் எண்ணிக்கையையும் கடைசிப் பதிவின் தேதியையும் சரிபார்க்கும் நிரல் எழுதுவது கடினமல்ல. ஆட்களை வைத்து நடத்தும் ஒத்திகை, மிக முக்கியமான அமைப்புகளுக்குக் காலாண்டுக்கு ஒரு முறை. எல்லா அமைப்புகளையும், எது எதைச் சார்ந்தது என்ற வரிசைப்படி எழுப்பும் முழு ஒத்திகை ஆண்டுக்கு ஒரு முறை. பேரிடரின்போது வேலையை நகர்த்தும் மாற்று இடத்திலிருந்து பழைய இடத்துக்குத் திரும்புவதையும் அந்த முழு ஒத்திகையில் சேருங்கள். மாற்று இடத்தில் இருந்த நாட்களில் பதிவான தரவைத் திருப்பிக் கொண்டுவருவது, போவதைவிடச் சிக்கலானது.

படி 8: மௌனத்தையும் கண்காணியுங்கள்

தோல்வியை அறிவிக்கும் அஞ்சல் வராதது வெற்றிக்குச் சான்றாகாது. "கடந்த 24 மணி நேரத்தில் வெற்றிச் செய்தி வரவில்லை" என்பதே எச்சரிக்கையாக ஒலிக்கட்டும். பேக்கப் கோப்பின் அளவையும் நேற்றையதோடு ஒப்பிடுங்கள். திடீரென்று பாதியானால் ஏதோ விடுபட்டிருக்கிறது. திடீரென்று பெருத்தால், கோப்புகள் யாராலோ குறியாக்கம் செய்யப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

ஒத்திகையில் கண்ட ஒவ்வொரு குறைக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் இட்டு, மற்ற வேலைகளைப் பதிவு செய்யும் அதே பட்டியலில் சேருங்கள். தனி அறிக்கையாக எழுதினால் அது அடுத்த ஒத்திகை வரை யார் கண்ணிலும் படாது.

உங்களிடம் இருக்கும் திட்டம் ஏற்கெனவே பழசாகிவிட்டிருந்தால், முழுவதையும் திருத்தி எழுத உட்காராதீர்கள்; அது முடிவதற்குள் மறுபடி பழசாகும். நின்றால் நிறுவனமே நின்றுவிடும் என்ற ஒரே ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இந்த வாரமே அதைத் தனி நெட்வொர்க்கில் மீட்டுப் பாருங்கள். எங்கே தடுக்கியதோ அந்த இடத்தைத் திட்டத்தில் திருத்தி, தேதியும் பெயரும் இட்டு, அச்செடுத்து, பழைய பிரதிகளை எல்லா இடங்களிலிருந்தும் அகற்றுங்கள். பிறகு அடுத்த அமைப்புக்குப் போங்கள்.